பட்டையும் தழையும் தந்த காய்ச்சல் மருந்து

மரப்பட்டையின் அருமையைப் பால்வெட்டும் தொழிலாளர்களுக்கு நாம் எடுத்துரைக்க வேண்டியதில்லை. பட்டையிலிருந்து வடியும் பாலே தோட்ட மக்களின் வாழ்வுக்கு ஆதாரமாக இருந்து வந்துள்ளது. மற்றொரு மரத்தின் பட்டையும் தோட்ட மக்களின் உயிர்களைக் காத்திருக்கிறது. சின்கோனா என்பது அதன் பெயர். கொய்னா என்று நம் பெரியோர் அறிந்திருந்த கசப்பு மருந்து அதிலிருந்தே கிடைத்தது.

இந்நாட்டில் காடுகள் அழிக்கப்பட்டுத் தோட்டங்கள் உருவான தொடக்க ஆண்டுகளில், மலேரியாக் காய்ச்சலுக்குப் பலியான தொழிலாளர்கள் ஏராளம். 1901ஆம் ஆண்டு கிள்ளானுக்கு வந்த டாக்டர் மால்கம் வாட்சன், சதுப்பு நிலங்களில் வடிகால் வெட்டி நீரை வெளியேற்றச் செய்தார். கொசு குறைந்தது, காய்ச்சலும் குறைந்தது. காய்ச்சல் கண்டவர்களுக்குக் கொய்னா கொடுக்கப்பட்டது.

நோய் உடலில் செய்வது என்ன?

மலேரியாவுக்குக் காரணம் ஒரு நுண்ணுயிர். நோயாளியின் இரத்தத்தில் அதனை 1880இல் லாவெரான் என்ற பிரெஞ்சு மருத்துவர் கண்டார். கொசுவின் உடலில் அது வளர்வதை 1897இல் இந்தியாவின் செகந்தராபாத்தில் ரொனால்டு ராஸ் கண்டுபிடித்தார். அனோபிலிஸ் இனப் பெண் கொசு கடிக்கும்போது இக்கிருமி நம் உடலில் புகுகிறது. முதலில் ஈரலில் தங்கிப் பெருகுகிறது. பின்னர் இரத்தத்தின் சிவப்பணுக்களுக்குள் நுழைகிறது.

சிவப்பணுவில் ஹீமோகுளோபின் என்ற பொருள் நிறைந்திருக்கிறது. நாம் மூச்சில் இழுக்கும் பிராணவாயுவை உடலெங்கும் சுமந்து செல்வது அதுவே. கிருமி அதனைத் தின்று வளர்கிறது. தின்றபின் எஞ்சுவது ஹீம் என்னும் இரும்புச் சத்துள்ள கழிவு. அக்கழிவு கிருமிக்கே நஞ்சாகும். ஆகவே கிருமி அதனைக் கெட்டியான படிகமாக மாற்றி ஒதுக்கி வைத்துக்கொள்கிறது. இரை தீர்ந்ததும் அணு வெடிக்கிறது. புதிய கிருமிகள் வெளிப்பட்டு வேறு அணுக்களைத் தாக்குகின்றன. நடுக்கமும் காய்ச்சலும் தோன்றுவது இந்நேரத்தில்தான். நாளடைவில் இரத்தம் குன்றி உடல் வெளுக்கிறது.

கொய்னாவின் வரலாறு

சின்கோனாப் பட்டையிலிருந்து கொய்னாவை 1820இல் பாரிஸ் நகரில் பெல்லெத்தியே, கவாந்து என்ற இருவர் தனியே பிரித்தெடுத்தனர். தென் அமெரிக்காவுக்கு உரிய இம்மரம், 1860களில் நம் முன்னோரின் தமிழகத்து நீலகிரி மலையிலும், ஜாவாத் தீவிலும் பயிரிடப்பட்டது. பின்னர் இம்மருந்தைப் பின்பற்றிக் குளோரோகுயின் என்ற செயற்கை மருந்து உருவாக்கப்பட்டது. கிருமி தன் கழிவைப் படிகமாக்க விடாமல் குளோரோகுயின் தடுக்கிறது. தன் கழிவே நஞ்சாகிக் கிருமி மடிகிறது. ஆயினும் 1950களின் இறுதியில் குளோரோகுயினுக்கு அடங்காத கிருமிகள் தென்கிழக்காசியாவில் தோன்றின.

மரிக்கொழுந்தின் உறவுச் செடி

1967ஆம் ஆண்டு சீன அரசாங்கம் புதிய மருந்தைத் தேடும் பணியைத் தொடங்கியது. அப்பணியில் ஈடுபட்ட தூ யூயூ என்ற பெண் ஆய்வாளர் பழைய மருத்துவ நூல்களை ஆராய்ந்து, நூற்றுக்கணக்கான மூலிகைச் சாறுகளைச் சோதித்தார். நாம் பூச்சரத்தில் தொடுக்கும் மரிக்கொழுந்தின் இனத்தைச் சேர்ந்த ஒரு செடி நல்ல பயன் தரும்போலத் தோன்றியது. ஆனால் மறுமுறை சோதித்தபோது பயன் குன்றியது. ஏறத்தாழ 1,600 ஆண்டுகளுக்கு முற்பட்ட ஒரு நூல், அச்செடியை நீரில் ஊறவைத்துப் பிழிந்து பருகுமாறு கூறியிருந்தது. கொதிக்க வைக்கும்படி கூறவில்லை. சூடு மருந்தைக் கெடுக்கிறதோ என்று ஐயுற்ற தூ யூயூ, குறைந்த சூட்டிலேயே ஆவியாகும் ஈதர் என்ற திரவத்தைக் கொண்டு சாற்றை எடுத்தார். 1971 அக்டோபரில் சோதிக்கப்பட்ட சாறு விலங்குகளின் இரத்தத்திலிருந்த கிருமிகளை முற்றும் அழித்தது. மறு ஆண்டு அதிலிருந்த ஆர்ட்டிமிசினின் என்ற பொருள் பிரித்தெடுக்கப்பட்டது. இதற்காக 2015இல் தூ யூயூவுக்கு நோபெல் பரிசு கிடைத்தது.

கிருமி தின்று சேர்த்த இரும்புச் சத்தே இம்மருந்தைத் தூண்டிவிடுகிறது. தூண்டப்பட்ட மருந்து கிருமியின் உடற்பொருள்களைத் தாக்கிச் சிதைக்கிறது.

கஷாயம் போதாதா?

செடியே மருந்தானால் அதனை வீட்டிலேயே காய்ச்சிக் குடிக்கலாமே என்று சிலர் கேட்கலாம். பாலை உறைய வைக்க ஆசிட் கலக்கும்போது நாம் அளவு பார்க்கிறோம் அல்லவா? மருந்துக்கும் அளவு உண்டு. தழையில் உள்ள மருந்துச் சத்து செடிக்குச் செடி மாறுபடும். குறைந்த அளவு உட்கொண்டால், வலுவற்ற கிருமிகள் மடிந்து வலுவுள்ளவை தப்பிப் பெருகும். எனவேதான் இச்செடியின் தழையைத் தேநீராகக் காய்ச்சிக் குடிப்பதை உலக சுகாதார நிறுவனம் ஏற்கவில்லை. ஆர்ட்டிமிசினின் வகை மாத்திரையைத் தனியே கொடுக்காமல் வேறொரு மருந்துடன் சேர்த்துக் கொடுப்பதும் இக்காரணம் பற்றியே. மூன்று நாள் மாத்திரையை, முதல் நாளே காய்ச்சல் தணிந்தாலும், மூன்று நாளும் உட்கொள்ள வேண்டும்.

இன்று நாம் கவனிக்க வேண்டியது

மனிதரிடமிருந்து மனிதருக்குப் பரவும் மலேரியா, 2018 முதல் மலேசியாவில் உள்நாட்டில் எவருக்கும் தொற்றாத நிலை ஏற்பட்டது. இது பெரும் சாதனையாகும். எனினும் குரங்குகளிடம் இருக்கும் நோலெசி என்ற மலேரியா நீங்கவில்லை. 1965இல் பகாங் காட்டில் தங்கிய ஒருவரிடம் இது முதன்முதலாகக் காணப்பட்டது. சரவாக்கின் காப்பிட் வட்டாரத்தில் பலருக்கு இந்நோய் இருப்பதை 2004இல் ஆய்வாளர்கள் வெளிப்படுத்தினர். இக்கிருமி 24 மணி நேரத்திற்கு ஒரு முறை பெருகுவதால், சில நாள் தாமதமும் உயிருக்கு ஆபத்தாகலாம்.

காட்டோரத் தோட்டங்களில் பணிபுரிவோர் உடலை மறைக்கும் ஆடை அணிதல் வேண்டும். கொசுவலையைப் பயன்படுத்துதல் வேண்டும். காய்ச்சல் கண்டால் கைமருந்தில் காலம் கடத்தாது, உடனே மருத்துவமனைக்கோ சுகாதார நிலையத்துக்கோ சென்று இரத்தப் பரிசோதனை செய்துகொள்ள வேண்டும். காட்டுப் பக்கம் சென்று வந்ததை மருத்துவரிடம் மறவாது கூறுதல் வேண்டும். பட்டையும் தழையும் அளித்த மருந்து அங்கே ஆயத்தமாக உள்ளது. அதனை உரிய காலத்தில், உரிய அளவில் உட்கொள்வது நம் கடமையாகும்.