தும்புத்தடிக்கு ஒரு தங்கப்பதக்கம்

டிசர்டேஷன், பார்ட் டைம் வேலைன்னு ஓடுனதுல இந்தப் பக்கம் வந்தே ரெண்டு மாசம் ஆச்சு. இன்னிக்கு ஒரு விளையாட்டைப் பத்தி எழுதப்போறேன். கிரிக்கெட் இல்ல, பயப்படாதீங்க.

முதல்ல கொஞ்சம் வீட்டுக்கதை. ரெய்னர்ஸ் லேன்ல நாங்க இருக்கிறது ஒரு வீட்டு மாடியில. மொத்தம் நாலு பேர், ரெண்டு பசங்க, ரெண்டு பொண்ணுங்க. கீழே வீட்டுக்கார அன்ரி, யாழ்ப்பாணத்துக்காரங்க. ஃப்ரிட்ஜ் கதவுல ஒரு அட்டவணை தொங்கும், எந்த வாரம் யார் வீடு பெருக்கணும்னு. பசங்க பேர் இருந்த வாரமெல்லாம் என்ன நடந்துச்சுன்னு நான் சொல்லணுமா? போன மாசம் பொண்ணுங்க ரெண்டு பேரும் ஸ்ட்ரைக். "எங்களுக்கும்தான் அசைன்மென்ட் இருக்கு"ன்னு ஒரே வரி. எட்டாவது நாள் சமையக்கட்டுத் தரையில செருப்பு ஒட்ட ஆரம்பிச்சுது.

அந்த வாரம்தான், படிக்காம யூடியூப்ல மேஞ்சுக்கிட்டு இருந்தப்ப, 2022 பெய்ஜிங் குளிர்கால ஒலிம்பிக்ஸோட கலப்பு இரட்டையர் கர்லிங் இறுதி ஆட்டம் கண்ணுல பட்டுச்சு. இத்தாலியும் நார்வேயும்.

பார்க்காதவங்களுக்காக: நீளமான ஐஸ் தளம். அந்தக் கோடியில தரையில ஒரு வட்டம். கிட்டத்தட்ட 20 கிலோ வர்ற ஒரு கருங்கல்லு, கைப்பிடி போட்ட ஆட்டுக்குழவின்னு வச்சுக்கோங்க, அதை வழுக்கி விட்டு வட்டத்து நடுவுல நிறுத்தணும். கல்லு போகும்போது அதுக்கு முன்னாடி தேய்தேய்னு தேய்க்கறாங்க பாருங்க, அதுதான் விசேஷம். தேய்ச்சா ஐஸ் மேல்பரப்பு லேசா சூடாகி உராய்வு குறையும். கல்லு இன்னும் கொஞ்ச தூரம் போகும், வளையறதும் குறையும். விட்ட கல்லைக் கையால தொடக்கூடாது. அதுக்கப்புறம் அதோட தலையெழுத்து தேய்க்கறவங்க கையில.

காபி கொடுக்க வந்த அன்ரி என் லேப்டாப்பைப் பார்த்துட்டு அசந்து போயிட்டாங்க. "என்ன தம்பி உது? ஐஸில தும்புத்தடியோட நிக்கினம்? கூட்டுறதுக்கும் மெடல் குடுக்கினமோ? அப்ப எனக்கு எத்தினை வரவேணும்!"

சிரிச்சு முடிச்சப்புறம் விதியைத் தேடிப் படிச்சேன். அங்கதான் மாட்டிக்கிட்டேன்.

கலப்பு இரட்டையர்னா ஒரு ஆண், ஒரு பெண். மாத்து ஆட்டக்காரர் கிடையாது. மொத்தம் எட்டு சுற்று. ஒவ்வொரு சுற்றுலயும் ஒரு அணிக்கு அஞ்சு கல்லு. ஒருத்தர் முதல் கல்லையும் அஞ்சாவது கல்லையும் விடணும், மத்தவர் நடுவுல மூணு. யாரு எதுன்னு அவங்களே முடிவு பண்ணலாம். ஆனா 'நான் விடறேன், நீ பெருக்கு'ன்னு ஆட்டம் முழுக்க ஒருத்தர் தலையில கட்ட முடியாது. ரெண்டு பேரும் விடணும், ரெண்டு பேரும் பெருக்கலாம். பல சமயம் கல்லை விட்ட ஆளே எழுந்து ஓடி, அதுக்கு முன்னாடி போய்த் தேய்க்கறதையும் பார்க்கலாம்.

பல ஜோடிகள்ல முதல் கல்லும் கடைசிக் கல்லும் பொண்ணு கையில. ஆட்டத்தையே தீர்மானிக்கிற கல்லை அவ விட, ஆறடி ஆம்பளை முன்னாடி குனிஞ்சு மூச்சு வாங்கப் பெருக்கறான். யாரும் அதை அதிசயமாப் பார்க்கல. என் கண்ணுக்குத்தான் அதிசயமா இருந்துச்சு. அது என் கண்ணோட கோளாறு.

அந்த இறுதி ஆட்டத்துல இத்தாலியின் ஸ்டெஃபானியா கான்ஸ்டான்டினியும் அமோஸ் மொசானெரும் 8-5னு ஜெயிச்சாங்க. அந்தப் போட்டியில ஆடுன 11 ஆட்டத்துலயும் வெற்றி. கர்லிங்ல இத்தாலிக்கு அதுதான் முதல் ஒலிம்பிக் பதக்கம். கான்ஸ்டான்டினிக்கு அப்போ வயசு 22. (நான் 22ல என்ன பண்ணிட்டு இருந்தேன்னு கேக்காதீங்க.)

யாரு யாரோட ஜோடி சேர்றாங்கங்கறதும் சுவாரசியம். தோத்த நார்வே ஜோடி கிறிஸ்டின் ஸ்காஸ்லியன், மேக்னஸ் நெட்ரெகோட்டன் புருஷன் பொண்டாட்டி. இந்த ஆட்டம் ஒலிம்பிக்ல நுழைஞ்ச 2018ல அமெரிக்காவுக்கு ஆடுன ஹாமில்டன்கள் அண்ணன் தங்கச்சி. அதே வருஷம் வெள்ளி வாங்குன சுவிஸ் ஜோடி முன்னாடி காதலிச்சுப் பிரிஞ்சவங்க! இந்த ஊர் ஜோடி ஜென் டாட்ஸ், ப்ரூஸ் மோவாட் சின்ன வயசு நண்பர்கள். 2021ல அபர்டீன்ல ஸ்காட்லாந்துக்காக உலகப் பட்டம் ஜெயிச்சவங்க, பெய்ஜிங் அரையிறுதியில நார்வேகிட்ட 6-5னு தோத்து, கடைசியில நாலாவது இடம். உறவு எதுவானாலும் அஞ்சு கல்லுல பங்கு மாறாது.

நாலு பேர் ஆடுற கலப்பு அணிக்கும் 2015ல இருந்து உலகப் போட்டி இருக்கு. அதுல ரெண்டு ஆண், ரெண்டு பெண், மாத்தி மாத்தித்தான் கல்லு விடணும். கேப்டன் ஆணா இருந்தா துணைக்கேப்டன் பெண்ணா இருக்கணும். பெண் கேப்டன்னா துணை ஆண். ரெண்டு பசங்க, ரெண்டு பொண்ணுங்க... எங்க மாடிதான் ஞாபகம் வந்துச்சு.

மாடியோட போயிருந்தாலும் பரவாயில்ல. ஞாபகம் மதுரைக்கும் போயிடுச்சு. நான் ப்ளஸ் டூ படிச்சப்போ வீட்டுல டிவி சத்தம் கூட கிடையாது. "அண்ணன் படிக்கிறான்"னு தங்கச்சிதான் என் ரூமையும் சேர்த்துப் பெருக்குவா. ரெண்டு வருஷம் கழிச்சு அவ ப்ளஸ் டூ எழுதுனப்போ, "பெருக்கிட்டுப் போய்ப் படி"ன்னாங்க. நான் அதே ஹால்ல காலைத் தூக்கி சோபா மேல வச்சுக்கிட்டேன், அவ கீழே பெருக்கறதுக்கு வசதியா. அதுதான் நான் செஞ்ச உதவி. அவளுக்கு எட்டு மார்க்ல நினைச்ச காலேஜ் போச்சு. எட்டு மார்க் விளக்குமாத்துனால போச்சான்னு கணக்குப் போட முடியாது. ஆனா எனக்கு அந்தச் சந்தேகமே வராம ஆறு வருஷம் ஓடியிருக்கு பாருங்க.

ஞாயித்துக்கிழமை அன்ரிகிட்ட தும்புத்தடி வாங்கி மாடி முழுக்கப் பெருக்கினேன். அந்த நேரம் தங்கச்சி வீடியோ கால். விஷயத்தைச் சொன்னேன், சோபா கதையையும் சேர்த்து. கொஞ்ச நேரம் பேசல. அப்புறம் சொன்னா: "சரிண்ணே, ஒரு போட்டோ எடுத்து அனுப்பு. அப்பாகிட்ட காட்டணும். அடுத்த வருஷம் நானும் மாஸ்டர்ஸ் அப்ளை பண்றேன். அதைச் சொல்றப்போ நீயும் லைன்ல இரு."

இருக்கேன்னு சொல்லியிருக்கேன். கல்லை விடப்போறது அவ. என் வேலை முன்னாடி தேய்க்கறது.

பி.கு: ஃப்ரிட்ஜ்ல புது அட்டவணை ஒட்டியாச்சு. பையன், பொண்ணு, பையன், பொண்ணு. ஸ்ட்ரைக் வாபஸ் :-)