மலையும் மனிதரும் – 18: குற்றக் கணக்கை எதால் வகுப்பது?

ஏப்ரல் பிறந்துவிட்டால் மதுரையிலும் திண்டுக்கல்லிலும் திருச்சியிலும் கொடைக்கானல் பேச்சு தொடங்கிவிடும். அறை வாடகையை விசாரித்து முடித்ததும் வீட்டுப் பெரியவர்கள் கேட்பார்கள்: ‘பொம்பளப் பிள்ளைகளோட போறோம், அங்க பயமில்லாம இருக்கலாமா?’ நியாயமான கேள்வி. இந்தக் காலத்தில் இதற்குப் பதில் தேடுபவர்கள் ஓர் எண்ணைத்தான் எதிர்பார்க்கிறார்கள். லட்சம் பேருக்கு இத்தனை குற்றம் என்று ஒரு விகிதம் கிடைத்தால் ஊரை எடைபோட்டு விடலாம் என்ற நம்பிக்கை பரவியிருக்கிறது. பழனி மலைமேல் உள்ள இந்த ஊரில் அந்த விகிதம் எப்படிப் பிறக்கிறது, எதைச் சொல்லாமல் விடுகிறது என்பதை இந்த வாரம் பார்ப்போம்.

2011 மக்கள்தொகைக் கணக்கின்படி கொடைக்கானல் நகராட்சியில் வசித்தவர்கள் 36,501 பேர். கணக்குக்காக, ஓர் ஆண்டில் இங்கே 73 திருட்டு வழக்குகள் பதிவானதாக வைத்துக்கொள்வோம். லட்சத்துக்கு 200 என்று வரும். கேட்கவே அச்சமாக இருக்கும். அதே ஆண்டில் சராசரியாக நாள்தோறும் 20,000 வெளியூர்க்காரர்கள் ஊரில் இருந்தார்கள் என்று அவர்களையும் சேர்த்து வகுத்தால், விகிதம் 129 ஆக இறங்கிவிடும். பணப்பையைப் பறிகொடுத்தவரும், சில சமயம் பறித்தவரும், வெளியூர்க்காரர். ஆனால் வகுக்கும்போது உள்ளூர்க்காரர் தலை மட்டும் எண்ணப்படுகிறது. கொலை போன்ற அரிய குற்றங்களில் இன்னும் மோசம். இவ்வளவு சிறிய ஊரில் ஒரு கொலை நடந்தால் விகிதம் 2.7, மறு ஆண்டு இரண்டு நடந்தால் 5.5. ‘கொலைகள் இரு மடங்கு’ என்று தலைப்புப் போட்டுவிடலாம். அதிலிருந்து ஊரைப் பற்றி நாம் தெரிந்துகொள்வது சொற்பம்.

1845-இல் இங்கே முதல் பங்களாக்களைக் கட்டியவர்கள் மதுரையிலிருந்த அமெரிக்க மிஷனரிகள். அவர்கள் தாய்நாட்டிலும் இதே சிக்கல் உண்டு. தென் கரோலைனா மாநிலக் கடற்கரையில் மிர்ட்டில் பீச் என்று ஒரு சிறு நகரம் இருக்கிறது. 2020 கணக்கெடுப்பில் அதன் மக்கள்தொகை 35,682. ஏறக்குறைய நம் கொடைக்கானல் அளவு. அந்தக் கடற்கரைப் பகுதிக்கு ஆண்டுதோறும் ஒரு கோடிக்கும் மேற்பட்டோர் வந்து போகிறார்கள். வருகிறவர்களை விட்டுவிட்டு வசிப்பவர்களால் மட்டும் வகுப்பதால், ஆபத்தான ஊர்களின் பட்டியலில் அந்த நகரம் அடிக்கடி இடம்பிடிக்கிறது. 1930 முதல் நாடு முழுவதும் குற்ற எண்ணிக்கையைத் திரட்டிவரும் எஃப்.பி.ஐ. அமைப்பே, இந்த எண்களை வைத்து ஊர்களை வரிசைப்படுத்தாதீர்கள் என்று எச்சரிக்கிறது.

வகுக்கும் எண்ணை விடுங்கள். வகுபடும் எண்ணாவது உறுதியானதா? எஃப்.ஐ.ஆர். போட்டால்தான் ஒரு குற்றம் கணக்கில் ஏறும். புகாரைப் பெற்றதற்கு அத்தாட்சியாகத் தரும் சி.எஸ்.ஆர். ரசீதோடு நின்றுபோன புகார் அந்தக் கணக்கில் சேராது. ஏரிச்சாலையில் செல்போனைத் தொலைத்த குடும்பம் மறுநாள் காலை வண்டியைப் பிடிக்க வேண்டும். ஸ்டேஷனில் அரைநாள் காத்திருக்க அவர்களால் முடியாது. வழக்கு நடந்தால் சாட்சி சொல்ல மறுபடி மலையேறவும் முடியாது. ‘போனது போகட்டும்’ என்று இறங்கிவிடுகிறார்கள். வாரண்ட் இல்லாமல் கைது செய்யக்கூடிய குற்றம் என்றால் எஃப்.ஐ.ஆர். பதிந்தே ஆக வேண்டும் என்று 2013 நவம்பரில் லலிதா குமாரி வழக்கில் உச்ச நீதிமன்றம் தீர்ப்பளித்தது. 2024 ஜூலை முதல் நடப்புக்கு வந்த பாரதிய நாகரிக் சுரக்ஷா சன்ஹிதா என்ற குற்றவியல் நடைமுறைச் சட்டத்தின் 173-ஆம் பிரிவு, எந்த ஊர் ஸ்டேஷனிலும் புகார் தரலாம், மின்னணு வழியில் அனுப்பிவிட்டு மூன்று நாளில் கையெழுத்திடலாம் என்கிறது. சுற்றுலா ஊருக்கென்றே செய்ததுபோன்ற வசதி இது. இதை அறிந்து மலையேறுபவர்கள் எத்தனை பேர்?

சில எண்கள் போலீஸ் எவ்வளவு தேடியது என்பதையே அளக்கின்றன. 2020-இல் இந்தியாவிலேயே அதிக வழக்குகள் பதிவான மாநிலம் தமிழ்நாடு. ஊரடங்கை மீறியவர்கள்மீது இந்திய தண்டனைச் சட்டத்தின் 188-ஆம் பிரிவில் போட்ட வழக்குகளே அதற்குப் பெருங்காரணம். மேல்மலைக் கிராமங்களில் போதைக் காளான் விற்பனையும் அப்படித்தான். அதிலுள்ள சைலோசைபின் 1985-ஆம் ஆண்டுப் போதைப்பொருள் சட்டப்படி தடைசெய்யப்பட்ட பொருள். சோதனை இறுகினால் வழக்கு கூடும், தளர்ந்தால் குறையும். காளான் முளைப்பது குறைந்ததாகவோ விற்பனை ஓய்ந்ததாகவோ அதற்குப் பொருளில்லை.

அப்படியானால் ஓர் ஊரின் பாதுகாப்பை எதை வைத்து அறிவது? இந்த மலையில் நடந்த இரண்டு சம்பவங்களைச் சொல்கிறேன்.

2001 அக்டோபர் 31. பெருமாள்மலை அருகே டைகர் சோலைப் பகுதியில் ஓர் ஆணின் உடல் கிடப்பதை வனத்துறையினர் கண்டு போலீசுக்குச் சொன்னார்கள். யாரென்று தெரியவில்லை, உரிமை கோரியும் யாரும் வரவில்லை. ‘அடையாளம் தெரியாத ஆண்’ என்று எழுதி மூடிவிட எல்லா வசதியும் இருந்தது. ஆனால் வழக்குப் பதிவானது. பிரேதப் பரிசோதனை செய்த மருத்துவர் கழுத்து நெரிக்கப்பட்டதைக் குறித்தார். உடல் கொடைக்கானலிலேயே அடக்கம் செய்யப்பட்டது; படங்களும் உடைகளும் பத்திரமாக இருந்தன. சென்னையில் கணவரைக் கடத்திவிட்டார்கள் என்று புகார் கொடுத்திருந்த ஒரு பெண் அவற்றைப் பார்த்து அடையாளம் சொன்னார். புதைத்த உடல் மீண்டும் எடுத்து ஆராயப்பட்டது. கொலைக் குற்றச்சாட்டுக்கு ஆளாகி எதிரே நின்றவர் சரவண பவன் ஓட்டல் நிறுவனர் பி. ராஜகோபால், பணமும் செல்வாக்கும் மிக்கவர். 2004-இல் சென்னை நீதிமன்றம் பத்தாண்டுச் சிறை விதித்தது. 2009-இல் உயர் நீதிமன்றம் அதை ஆயுள் தண்டனையாக்கியது. 2019 மார்ச்சில் உச்ச நீதிமன்றம் உறுதிசெய்தது. பதினேழு ஆண்டுகள் ஓடிய அந்த வழக்குக்கு ஆதாரமாக நின்றவற்றில், யாரென்றே தெரியாத ஒருவருக்காகக் கொடைக்கானலில் எழுதப்பட்ட தாள்களும் உண்டு.

இரண்டாவது, 2006-இல் நடந்தது. கேரளத்தின் மஞ்ஞும்மல் ஊரிலிருந்து வந்த நண்பர்களில் ஒருவர் குணா குகையின் ஆழ்பிளவில் விழுந்துவிட்டார். உதவி கேட்டு ஸ்டேஷனுக்கு ஓடியவர்களைப் போலீசார் முதலில் நம்பவில்லை, அடிக்கவும் செய்தார்கள் என்று அந்த இளைஞர்கள் பின்னாளில் பேட்டிகளில் கூறியிருக்கிறார்கள். கடைசியில் நண்பர்களில் ஒருவரே கயிறு கட்டி இறங்கி அவரை மீட்டார். 2024-இல் வந்த திரைப்படத்தால் உலகமே அறிந்த கதை. குற்ற விகிதத்தில் இந்தச் சம்பவத்துக்கு இடமே கிடையாது. பாதுகாப்பைப் பற்றி இதைவிடத் தெளிவாகப் பேசும் சம்பவமும் கிடையாது. ஆபத்தில் இருக்கும் அந்நியர் சொல்வதை ஊர் காதுகொடுத்துக் கேட்கிறதா என்பதுதான் பாதுகாப்பின் முதல் சோதனை. டைகர் சோலையில் அது தேறியது. குணா குகையில் தவறியது.

எந்தப் பதிவேட்டிலும் ஏறாமல் கிடந்த ஆபத்து ஒன்றும் இங்கே இருந்தது. அமெரிக்காவின் நியூயார்க் மாநிலத்தில் வாட்டர்டவுன் என்ற சிறு நகரிலிருந்த பாதரச வெப்பமானித் தொழிற்சாலை, 1980-களின் தொடக்கத்தில் பாம்பார் சோலையை ஒட்டி வந்து இறங்கியது. பின்னர் அது இந்துஸ்தான் லீவர் கைக்கு மாறியது. 2001 மார்ச்சில், மூஞ்சிக்கல்லில் ஒரு பழைய இரும்புக் கடையில் பாதரசம் ஒட்டிய உடைந்த கண்ணாடி டன் கணக்கில் கிடப்பதை ஊராரும் சூழல் அமைப்பினரும் வெளிக்கொணர்ந்தார்கள். ஆலை மூடப்பட்டது. 2003-இல் சுமார் 290 டன் கழிவு அமெரிக்காவுக்கே திருப்பி அனுப்பப்பட்டது. தொழிலாளர் உடல்நலத்துக்கு ஆலையால் கேடு நேரவில்லை என்பதே நிறுவனத்தின் நிலைப்பாடு. ஆயினும் 2016-இல் முன்னாள் தொழிலாளர்கள் 591 பேருடன் உடன்பாடு செய்துகொண்டது. அந்தப் பதினேழு பதினெட்டு ஆண்டுகளில் எந்த ஆண்டின் குற்றப் புள்ளிவிவரத்தை எடுத்தாலும், இந்த ஊர் அமைதியான மலைநகரமாகவே தெரிந்திருக்கும்.

அதற்காக எண்களைத் தூக்கிப்போடச் சொல்லவில்லை. நேர்மையான எண்களைக் கேட்கச் சொல்கிறேன். அதற்கு இப்போது வழி பிறந்திருக்கிறது. சென்னை உயர் நீதிமன்ற உத்தரவால் 2024 மே 7 முதல் கொடைக்கானலுக்கு இ-பாஸ் வந்தது. எத்தனை பேர் வருகிறார்கள், தங்குகிறார்களா, அன்றே திரும்புகிறார்களா என்பதை அது கேட்கிறது. 2025 சீசனில் நாளொன்றுக்கு 4,000 வண்டிகள், வார இறுதியில் 6,000 என்று வரம்பும் வந்தது. ஊரில் உண்மையாக எத்தனை பேர் இருக்கிறார்கள் என்பது முதன்முறையாக அரசின் கையில் இருக்கிறது. மாவட்ட நிர்வாகமும் காவல் துறையும் இந்த வருகைக் கணக்கையும், ஸ்டேஷன் வாரியாக எஃப்.ஐ.ஆர்., சி.எஸ்.ஆர். எண்ணிக்கையையும் மாதந்தோறும் அருகருகே வெளியிட வேண்டும். ஏற்கப்பட்ட புகார்கள் அதிகமானால் ஊருக்குக் கெட்ட பெயர் என்று யாரும் அஞ்ச வேண்டாம். புகாரை வாங்கும் ஊரே நம்பத்தக்க ஊர்.

பயணம் போகிறவர்களுக்கு ஒன்று சொல்வேன். ஏதேனும் நேர்ந்தால் ‘போனது போகட்டும்’ என்று இறங்கிவிடாதீர்கள். எழுதிக் கொடுங்கள், வீடு திரும்பிய பிறகாவது அனுப்புங்கள். உங்களுக்குப் பின்னால் வரும் குடும்பத்துக்கு நீங்கள் செய்யும் காவல் அது.

அடுத்த வாரம்: வத்தலக்குண்டிலிருந்து ஏறும் மலைச்சாலையும் அதன் வளைவுகளும்.

(தொடரும்)