777 போட்டா வேலை செய்யுது, ஆனா...

சிம்போசியத்துக்கு முந்தின ராத்திரி. ரெஜிஸ்ட்ரேஷன் சைட்டில் போட்டோ அப்லோட் ஆகலை; 'பெர்மிஷன் டினைட்'. யாராவது ஒருத்தர் "மச்சி, 777 போட்டு விடு" என்பார். போட்டதும் வேலை செய்யும், எல்லாரும் தூங்கப் போயிடுவோம்.

அதே சர்வரில் இன்டர்னல் மார்க் போர்ட்டலும் ஓடுதுன்னு வைங்க. இப்போ என்ன ஆபத்து?

777 என்றால் ஓனர், குரூப், மற்றவர்கள் மூணு பேருக்கும் படிக்க (4), எழுத (2), இயக்க (1) முழு உரிமை. அதை எடுத்துட்டா மட்டும் பிரச்சினை தீராது. உபுண்டுவில் என்ஜின்எக்ஸ், அப்பாச்சி, பிஎச்பி-எஃப்பிஎம் எல்லாமே வழக்கமா 'டபிள்யூடபிள்யூடபிள்யூ-டேட்டா' என்ற ஒரே யூசர் பெயரில்தான் ஓடும். போட்டோ அப்லோடு வழியா யாராவது ஒரு பிஎச்பி ஃபைலை நுழைச்சு ஓடவிட்டா, அதுவும் அதே யூசர்தான். மார்க் போர்ட்டலின் டேட்டாபேஸ் பாஸ்வேர்டை அது தாராளமா படிக்கலாம். லினக்ஸ் கெர்னலுக்கு ரெண்டு ஆப்பும் ஒரே ஆள்!

அதனால ஆப்புக்கு ஒரு யூசர், ஒரு குரூப். 'சிம்போ' ஒண்ணு, 'மார்க்' ஒண்ணு. பிஎச்பி-எஃப்பிஎம்மில் ஒவ்வொண்ணுக்கும் தனி பூல் எழுதி, அந்தந்த யூசர் பெயரில் ஓடவிடுங்க. இதைச் செய்யாம மத்ததைச் செய்து பிரயோஜனமில்லை. படம், சிஎஸ்எஸ் மாதிரி ஃபைல்களை என்ஜின்எக்ஸ் படிக்கணுமே? டபிள்யூடபிள்யூடபிள்யூ-டேட்டாவை ரெண்டு குரூப்பிலும் சேர்த்துட்டு என்ஜின்எக்ஸை ரீஸ்டார்ட் பண்ணுங்க.

சேர்க்கும்போது கவனம்: யூசர்மாட் கமாண்டில் 'மைனஸ் ஏஜி'யில் அந்த 'ஏ'வை விட்டுட்டா, அந்த யூசர் ஏற்கெனவே இருந்த மற்ற குரூப்கள் எல்லாம் போயிடும். லேப் மெஷினில் என் அக்கவுண்ட்டுக்கே இப்படிப் பண்ணி, அடுத்த லாகினில் சூடோ உரிமை காணாம போச்சு. ரெக்கவரி மோடில் போய்த்தான் மீட்டேன்.

ஆப் ஃபோல்டருக்கு 2750. கடைசி 0 வெளியாளை வாசலிலேயே நிறுத்திடும்; உள்ளே ஒரு ஃபைல் 644ஆக இருந்தாலும் பக்கத்து ஆப்பால் தொட முடியாது. முன்னாடி இருக்கிற 2தான் செட்ஜிஐடி: உள்ளே யார் புது ஃபைல் உருவாக்கினாலும் அது ஃபோல்டரின் குரூப்புக்கே போகும். பாஸ்வேர்டு இருக்கிற கான்ஃபிக் ஃபைலுக்கு 600. அதை என்ஜின்எக்ஸ் படிக்க வேண்டிய அவசியமே இல்லை.

டீமுக்கு எழுதும் உரிமை, என்ஜின்எக்ஸுக்குப் படிக்கும் உரிமை மட்டும்னு பிரிக்கணுமா? ஒரு ஃபோல்டருக்கு ஒரு குரூப்தான், அங்கே ஏசிஎல் தேவைப்படும்.

எல்லாம் சரியா இருந்தும் 403 வருதா? மேலே இருக்கிற ஒவ்வொரு ஃபோல்டரிலும் 'எக்ஸ்' உரிமை வேணும். உபுண்டு 21.04 முதல் புதுசா உருவாகும் ஹோம் ஃபோல்டர் 750, அங்கே சைட்டை வெச்சா இதான் நடக்கும்.

கடைசியா, சூடோ மூலம் 'சிம்போ' யூசராக மார்க் போர்ட்டலின் கான்ஃபிக்கைத் திறந்து பாருங்க. 'பெர்மிஷன் டினைட்' வந்தா, இப்போ தூங்கப் போகலாம்.