கப்பலில் வந்த சாதி, கல்யாணப் பேச்சில் நிற்கிறது

“நீங்க என்ன ஆளுங்க?”

நம் நாட்டில் வளர்ந்த தமிழர் எவருக்கும் இந்தக் கேள்வியை விளக்கத் தேவையில்லை. ‘சாதி’ என்ற சொல்லே அதில் கிடையாது. ஆனாலும் கேட்பவருக்கும் பதில் சொல்பவருக்கும் பொருள் தெரியும். பெண் பார்க்கும் பேச்சில் கேட்கிறார்கள், ஆலயக் கூட்டத்துக்குப் பின் கேட்கிறார்கள், சில வீடுகளில் மகன் அழைத்து வந்த கூட்டாளியிடமும் கேட்கிறார்கள்.

நம் அடையாள அட்டையில் தகப்பன் பெயர் இருக்கிறது, சாதி இல்லை. இந்தியாவில் உள்ளது போன்ற சாதிச் சான்றிதழோ இட ஒதுக்கீடோ இங்கே கிடையாது. அரசாங்கம் கணக்கில் வைக்காத ஒன்று, நான்காவது தலைமுறை வரை எப்படித் தங்கியிருக்கிறது?

கங்காணியோடு வந்தது

மலாயாவில் ஒப்பந்தக் கூலிமுறை 1910-இல் நிறுத்தப்பட்டது. அதன் பிறகு தோட்டங்களுக்கு ஆள் சேர்த்தவர்கள் பெரும்பாலும் கங்காணிகளே. தோட்டத்து உரிமச்சீட்டோடு கங்காணி தம் சொந்த ஊருக்கே போய், தம் உறவிலும் அக்கம்பக்கத்துக் கிராமங்களிலும் ஆள் திரட்டினார். தனித்தனி மனிதர்களாக அல்லாமல், ஊரும் உறவும் சாதியும் சேர்ந்த கூட்டங்களாக அவர்கள் நாகப்பட்டினத்திலும் சென்னையிலும் கப்பல் ஏறினார்கள்.

கப்பல் தளத்தில் தீட்டுப் பார்க்க இடமில்லை. தோட்டத்திலும் காலைப் பெரட்டில் எல்லாரும் ஒன்றாகவே நின்றார்கள். எந்தச் சாதிக்காரர் சீவினாலும் மரம் ஒரே பாலைத்தான் கொடுத்தது. இன்ன சாதிக்கு இன்ன தொழில் என்ற கிராமத்துக் கட்டு, ரப்பர்க் காட்டில் பெருமளவு அறுந்தது.

வேலையில் அறுந்தது குடியிருப்பில் ஒட்டிக்கொண்டது. சச்சரவு வேண்டாம் என்று நினைத்த நிர்வாகங்கள், கங்காணிகளின் பேச்சைக் கேட்டு, பல தோட்டங்களில் சாதிவாரியாக லயங்களைப் பிரித்துக் கொடுத்தன. சாவு வீட்டில் பறை அடிப்பது, குழி வெட்டுவது போன்ற வேலைகள் பல இடங்களில் ஒடுக்கப்பட்ட மக்கள் தலையிலேயே விழுந்தன. கோயில் திருவிழாவில் யாருக்கு எந்த நாள் உபயம், யாருக்கு முதல் மரியாதை என்பதிலும் சாதி பேசியது. ஒரே தோட்டத்தில் இரண்டு கோயில்கள் எழுந்த கதைகள் சிலவற்றுக்குப் பின்னால் இந்தச் சண்டைதான் இருக்கிறது.

பழைய படம்

இதில் நாம் மறந்துவிடும் ஒரு காலக்கணக்கு உண்டு. மலாயாத் தோட்டங்களுக்கு உதவி பெற்றுத் தொழிலாளர் வருவதை இந்திய அரசாங்கம் 1938-இல் தடை செய்தது. மதுரை மீனாட்சியம்மன் கோயிலுக்குள் ஒடுக்கப்பட்ட மக்கள் நுழைந்தது 1939 ஜூலை 8-ஆம் நாள். சென்னை மாகாணம் முழுமைக்குமான ஆலய நுழைவுச் சட்டம் 1947-இல் வந்தது. தீண்டாமையை ஒழிக்கும் 17-ஆவது பிரிவைக் கொண்ட இந்திய அரசியலமைப்பு 1950-இல் நடைமுறைக்கு வந்தது.

அதாவது, நம் பாட்டன் பூட்டன்மாரில் பெரும்பாலோர் புறப்பட்ட தமிழகம், அந்தக் கோயில் கதவு திறப்பதற்கு முந்திய தமிழகம். அவர்கள் கொண்டு வந்த சமுதாயப் படமும் அந்தக் காலத்துப் படமே. “இது நம் பண்பாடு” என்று சிலர் இன்று காப்பாற்ற நினைப்பது அதைத்தான்.

எதிர்க்குரல் இங்கேயும் இருந்தது

சாதியை எதிர்த்த குரல் நமக்குப் புதிதன்று. தந்தை பெரியார் 1929 டிசம்பரில் மலாயா வந்து பல ஊர்களில் சுயமரியாதைக் கருத்துகளைப் பேசினார். 1954-இல் மீண்டும் வந்தார். சிங்கப்பூரில் தமிழர் சீர்திருத்தச் சங்கம் 1930-களின் தொடக்கத்தில் உருவானது. அதில் முன்நின்ற கோ. சாரங்கபாணி 1935-இல் தமிழ் முரசைத் தொடங்கினார். சாதி சமயம் பாராமல் எல்லாரும் ‘தமிழர்’ என்று கூடவே 1952-இல் தமிழர் திருநாளையும் முன்னெடுத்தார். அவர் மணந்துகொண்டது ஒரு சீனப் பெண்ணை. மேடையில் சொன்னதை வீட்டிலும் செய்தவர்.

இவற்றால் பொது இடத்தில் சாதிப் பேச்சு கூச்சத்துக்குரியதானது. பின்னர் தோட்டங்கள் துண்டாடப்பட்டு, மக்கள் பட்டணத்து அடுக்குமாடிகளுக்குக் குடிபெயர்ந்தபோது சாதி லயங்களும் கலைந்தன. ஆனால், 1984-இல் இராஜகிருஷ்ணன் இராமசாமி மலேசியத் தமிழரின் சாதி உணர்வைப் பற்றி ஒரு முழு நூலே எழுதும் அளவுக்கு அது உயிரோடிருந்தது. இன்றும் சாதிச் சங்கங்கள் இருக்கின்றன. திருமணத் தகவல் விளம்பரங்களிலும் சாதி எட்டிப் பார்க்கிறது.

சட்டம் எதுவரை?

கூட்டரசு அரசியலமைப்பின் 8(2)-ஆவது பிரிவு, சமயம், இனம், வம்சாவளி, பிறந்த இடம், பால் ஆகியவற்றை மட்டுமே காரணமாக்கிக் குடிமக்களைப் பாகுபடுத்துவதைத் தடுக்கிறது. ‘சாதி’ என்ற சொல் அதில் இல்லை. மேலும், அந்தப் பிரிவு முதன்மையாகக் கட்டுப்படுத்துவது சட்டத்தையும் அரசாங்கத்தையும்தான். வீட்டுக்குள் நடக்கும் மறுப்பை அது தொடாது.

ஆனால் இரண்டு விவரங்கள் நம் கையில் உள்ளன. ஒன்று: முஸ்லிம் அல்லாதார் திருமணங்களுக்கான 1976-ஆம் ஆண்டுச் சட்டப்படி, 21 வயதானவர்கள் திருமணத்தைப் பதிவு செய்யப் பெற்றோரின் சம்மதக் கையெழுத்து தேவையில்லை. சாதி அந்தப் பதிவுக்கு ஒரு தடையே அன்று. இரண்டு: சங்கமாகப் பதிவு பெற்ற ஆலயத்துக்கு எழுத்தில் சட்டவிதிகள் உண்டு. யார் உறுப்பினராகலாம், யார் பொறுப்புக்குப் போட்டியிடலாம் என்பதை அந்த விதிகளைப் பார்த்தே பேச வேண்டும், பழக்கத்தைக் காட்டி அல்ல. ஆண்டுக் கூட்டத்தில் அந்த விதியைக் கேட்டுப் படிக்கும் உரிமை ஒவ்வோர் உறுப்பினருக்கும் இருக்கிறது.

இழப்பு யாருக்கு?

“சாதி பார்ப்பதில்லை, ஆனால் கல்யாணத்துக்கு மட்டும்...” என்பது நாம் அடிக்கடி கேட்கும் வாசகம். அந்த ‘மட்டும்’தான் சாதியின் உயிர்நாடி. தொழிலும் லயமும் போன பிறகு அதற்கு எஞ்சிய ஒரே வீடு திருமணம். ஒரு தலைமுறை அங்கே கதவைச் சாத்தினால் அடுத்த தலைமுறைக்குச் சொல்லிக்கொள்ளச் சாதியே இராது. அதனால்தான் அந்தக் கதவை அவ்வளவு இறுக்கிப் பிடிக்கிறார்கள்.

அதன் விலையைக் கொடுப்பது பிள்ளைகள். நன்றாகப் படித்து, வேலையில் அமர்ந்து, ஒருவரை ஒருவர் புரிந்துகொண்ட இருவர், தாங்கள் பார்த்தே இராத ஒரு கிராமத்தின் தெருக் கணக்குக்காகப் பிரிகிறார்கள். மறுக்கப்பட்டவருக்குக் காரணத்தைக்கூட யாரும் நேரில் சொல்வதில்லை. “ஜாதகம் பொருந்தவில்லை” என்று முடித்துவிடுகிறார்கள்.

இங்கே சாதிக்குப் பதிவேடு இல்லை, சான்றிதழ் இல்லை. அது வாழ்வது வாய்வார்த்தையில்தான். அடுத்த முறை பிள்ளைக்கு வரன் பேச உட்காரும்போது வேலை, குணம், கடன், உடல்நலம் என்று கேட்க எவ்வளவோ இருக்கின்றன. “என்ன ஆளுங்க?” என்ற ஒன்றை மட்டும் விட்டுவிடலாம். யாரும் கேட்காவிட்டால், அதைப் பிள்ளைகளுக்குச் சொல்லிக் கொடுக்க வேறு ஆள் இல்லை.