நாய்க் கண்ணில் புண்: சொட்டு மருந்து போதுமா, ஆபரேஷன் வேணுமா?

தோட்டத்துக் காவலுக்கு நாயை நம்பித்தான் நாம் தூங்குகிறோம். காட்டுப்பன்றி இறங்கினாலும் திருடன் வந்தாலும் முதலில் குரல் கொடுப்பது அதுதான். ஆனால் மாடு ஒருவேளை தீவனம் எடுக்கலைன்னா டாக்டருக்குப் போன் போடுகிற நாம், நாய்க்குக் கண்ணில் தண்ணி வடிந்தால், ‘தூசி பட்டிருக்கும், தானா சரியாயிடும்’ என்று விட்டுவிடுகிறோம். அந்தத் தண்ணி கருவிழிப் புண்ணின் முதல் அறிகுறியாக இருக்கலாம்.

புண் எப்படி வருகிறது?

கருவிழியின் முன்னால் கண்ணாடி போல இருக்கும் படலம்தான் கார்னியா. நாய்க்கு அதன் கனம் அரை மில்லிமீட்டரைக் கொஞ்சம் தாண்டும், அவ்வளவுதான். வேலிமுள், புல்லின் கூர்முனை, பூனை நகம், உள்நோக்கி வளர்ந்த இமைமுடி, சுண்ணாம்பு என்று எது பட்டாலும் மேல்தோல் உரிந்து புண்ணாகும். பக் மாதிரி முட்டைக்கண் நாய்களுக்கு ஆபத்து இன்னும் அதிகம்.

கண்ணைத் திறக்காமல் சுருக்குவது, காலால் தேய்ப்பது, வெளிச்சத்தைப் பார்க்கக் கூசுவது, கண் சிவப்பது, நீலம் கலந்த வெள்ளையாக மங்குவது, பீளை தள்ளுவது எல்லாம் அறிகுறிகள். டாக்டர் ஃபுளூரசின் என்ற சாயத்தைக் கண்ணில் விட்டு நீல வெளிச்சத்தில் பார்ப்பார். புண் உள்ள இடம் மட்டும் பச்சையாக ஒளிரும்.

செய்யக்கூடாதவை

நமக்குள் வெளிப்படையாகப் பேசிக்கொள்வோம். இயற்கைப் பொருள் என்பதாலேயே அது கண்ணுக்கு ஆகும் என்று அர்த்தமில்லை. உப்பு, புகையிலைச் சாறு, செடிப்பால், பஞ்சகவ்யம் எதையும் புண்பட்ட கண்ணில் விடாதீர்கள். இஞ்சி, பூண்டு, மிளகாய்க் கரைசல் தெளிக்கும்போது நாயைக் கட்டி வையுங்கள். சுண்ணாம்பு தெறித்துவிட்டால் உடனே சுத்தமான தண்ணியை கால் மணி நேரத்துக்குக் குறையாமல் ஊற்றிக் கழுவிவிட்டு டாக்டரிடம் ஓடுங்கள்.

வீட்டில் மிச்சமிருக்கும் சொட்டு மருந்தும் வேண்டாம். அதில் ஸ்டீராய்டு இருந்தால் புண் ஆறாது, ஆழமாகும். எங்கள் பக்கத்துத் தோட்டத்தில் அப்படித்தான் நடந்தது. மருந்துக்கடையில் சொல்லி வாங்கிய சொட்டை மூன்று நாள் விட்டார்கள். சிவப்பு குறைந்தது, புண்ணோ குழியாகிவிட்டது.

எப்போது ஆபரேஷன்?

மேலோட்டமான புண், கிருமிக்கொல்லிச் சொட்டிலேயே பெரும்பாலும் ஒரு வாரத்துக்குள் ஆறிவிடும். வயதான நாய்களில் சில நேரம் புண்ணின் ஓரத்தோல் ஒட்டாமல் வாரக்கணக்கில் இழுக்கும். அதற்குத் தளர்ந்த தோலைப் பஞ்சால் நீக்கி, ஊசியால் கட்டம் கட்டமாக லேசாகக் கீறிவிடுவார்கள். அப்புறம் புதுத்தோல் பிடித்துக்கொள்ளும்.

சில கிருமிகள் படலத்தையே கூழாக்கிவிடும். பேங்க் பாஷையில் சொன்னால் இது தினவட்டி அல்ல, மணிவட்டி. ஒரே நாளில் கண்ணில் ஓட்டை விழலாம். அந்த அரிப்பைத் தடுக்க நாயின் சொந்த ரத்தத்திலிருந்து பிரித்த சீரத்தையே சொட்டாக விடுவதுண்டு.

படலத்தில் பாதிக்கு மேல் அரித்திருந்தால் ஆபரேஷன்தான் நல்லது. கண்வெள்ளையை மூடியிருக்கும் மெல்லிய சவ்வில் ஒரு துண்டை, ஒரு முனை ஒட்டியிருக்கும்படியே கீறி எடுத்து, குழியின் மேல் திருப்பி வைத்து, முடியை விட மெல்லிய நூலால் தைப்பார்கள். ஒட்டியிருக்கும் முனை வழியாக ரத்தம் வருவதால் புண்ணுக்கு ஊட்டமும் கிடைக்கும், தாங்கும் கிடைக்கும். நம்ம ஒட்டுக்கட்டுற வேலை மாதிரிதான். சில வாரம் கழித்து அந்தக் காம்பை வெட்டிவிடலாம். முழு மயக்கம் கொடுத்து, மைக்ரோஸ்கோப் வைத்துச் செய்கிற வேலை இது. அதனால் உள்ளூர் டாக்டரிடம் கேட்டு, கால்நடை மருத்துவக் கல்லூரி மருத்துவமனைக்குப் போவது நல்லது. பக்கத்துத் தோட்டத்து நாயையும் அப்படித்தான் கொண்டுபோனோம். கண்ணில் ஒரு வெள்ளைத் தழும்பு நின்றுவிட்டது, பார்வை தப்பியது.

பிறகு கவனிக்க வேண்டியது

கழுத்தில் கூம்புப் பட்டையை டாக்டர் சொல்லும்வரை கழற்றக்கூடாது. ஒரே ஒரு தடவை காலால் தேய்த்தாலும் தையல் பிய்ந்துவிடும். சொட்டு மருந்தை நேரம் தவறாமல் விடணும். இரண்டு மருந்து இருந்தால் நடுவில் ஐந்து நிமிடம் இடைவெளி விடுங்கள். புழுதியும் வெயிலும் இல்லாத இடத்தில் கட்டுங்கள்.

கண் சுருங்கியிருப்பதைப் பார்த்த அன்றைக்கே டாக்டரிடம் காட்டிவிட்டால் பல நாய்களுக்குச் சொட்டு மருந்தோடு வேலை முடிந்துவிடும்.