கொட்டுவதற்கு முன் ஒரு நிமிடம்



போன மாதம் ஆராதனை முடிந்து எல்லாரும் தேநீர் குடித்துக்கொண்டிருந்தபோது, நம் வாலிபர் குழுத் தம்பி ஒருவன் போனை என்னிடம் நீட்டினான். அவனுடைய கடல்நீர்த் தொட்டியின் படம். பவளங்கள் தெரியாத அளவுக்குப் பச்சை முடி போலப் பாசி. "எட்டு மாசமா போராடுறேன் அக்கா. சனிக்கிழமை எல்லாத்தையும் பின்னாடி ஓடையில கொட்டிட்டு, தொட்டிய வித்துடப் போறேன்" என்றான்.

"சனிக்கிழமை வரை எதையும் கொட்டாதே, நான் வந்து பார்க்கிறேன்" என்றேன். ஏன் அப்படிச் சொன்னேன் என்பதற்குத்தான் இந்தக் கட்டுரை.

முதலில் என்ன பாசி என்று பாருங்கள்

வார்டில் நோய் என்னவென்று தெரியாமல் மருந்து கொடுக்க மாட்டோம். தொட்டிக்கும் அதே சட்டம்தான்.

புதுத் தொட்டியில் மணல்மேல் பழுப்புத் தூள் படிந்தால் அது டயாட்டம். சில வாரங்களில் பெரும்பாலும் தானாகப் போய்விடும். பாறைமேல் ஊதா, இளஞ்சிவப்பு நிறத்தில் கெட்டியாகப் படிவது கோரலைன் பாசி. அது நல்லது, விட்டுவிடுங்கள். சிவப்புப் போர்வை போலப் படர்ந்து, ஏடு ஏடாக உரிந்து வந்தால் அது பாசியே அல்ல, சயனோபாக்டீரியா. பச்சை முடி போல வளர்வது ஹேர் ஆல்கே. பச்சைக் கண்ணாடிக் குமிழிபோல் இருப்பது பபுள் ஆல்கே. அதை உடைக்காமல் முழுசாகப் பிடுங்க வேண்டும்.

பழுப்பு நிறச் சளி இழை இழையாகத் தொங்கி, நுனியில் காற்றுக்குமிழ் இருந்து, விளக்கு அணைந்தபின் குறைந்தால் டைனோபிளாஜெல்லேட் என்று சந்தேகப்படுங்கள். இதில்தான் நான் ஏமாந்தேன். "அழுக்கு அதிகமாகிவிட்டது" என்று நினைத்துத் தண்ணீரை மாற்றிக்கொண்டே இருந்தேன், பாஸ்பேட் நீக்கியும் போட்டேன். உண்மையில் என் தொட்டியில் நைட்ரேட்டும் பாஸ்பேட்டும் பூஜ்யம். அந்த வெறுமையில்தான் அது செழிக்கும். என் நத்தைகள் ஒவ்வொன்றாகச் செத்தன.

பிறகு காரணம்

பச்சை முடிக்குக் காரணம் நேர்மாறு: உணவு மிச்சம், குழாய்த் தண்ணீர், அதிக வெளிச்சம். தம்பியின் பரிசோதனைக் கிட் பாஸ்பேட் பூஜ்யம் என்று காட்டியது. பாசியே அதைத் தின்றுகொண்டிருந்தால் தண்ணீரில் எப்படித் தெரியும்? ரிப்போர்ட்டை மட்டும் பார்க்காமல் நோயாளியையும் பார்க்க வேண்டும்.

நாங்கள் செய்தது இவ்வளவுதான். கையால் பிடுங்கினோம். குழாய்த் தண்ணீரை நிறுத்தி, ஆர்.ஓ. தண்ணீரில் உப்பு கலந்தோம். மீன் இரண்டு நிமிடத்தில் தின்னும் அளவுக்கே உணவு. விளக்கு 8 மணி நேரம். வாரம் 10 சதவீதத் தண்ணீர் மாற்றம். டர்போ நத்தைகள் சில. அவசரப்பட்டு ஆன்டிபயாட்டிக் போடவில்லை. அது தொட்டியைக் காக்கும் நல்ல கிருமிகளையும் கொல்லக்கூடும்.

ஒரு நர்ஸாக ஒரு எச்சரிக்கை. பட்டன் போல இருக்கும் ஜோவாந்திட் பவளங்கள் சிலவற்றில் பாலிடாக்ஸின் என்ற கடும் விஷம் உண்டு. அவை ஒட்டியிருக்கும் பாறையை வெளியே எடுத்துத் தேய்க்காதீர்கள், கொதிநீர் ஊற்றவே ஊற்றாதீர்கள். அந்த ஆவியே வீட்டில் உள்ள எல்லாரையும் மூச்சுத்திணறலோடு ஆஸ்பத்திரிக்கு அனுப்பிவிடும். கையுறையும் கண்ணாடியும் போடுங்கள். சந்தேகம் வந்தால் விஷத் தகவல் மையம் 13 11 26. மூச்சுத் திணறினால் உடனே 000.

ஓடையில் ஏன் கொட்டக்கூடாது?

காலெர்பா டாக்ஸிஃபோலியா என்று ஒரு பாசி. மீன் தொட்டிகளில் அழகுக்காக வளர்த்தார்கள். 1984-இல் மொனாக்கோ கடலில் ஒரு சிறு திட்டாகத் தென்பட்டது, பிறகு மத்தியதரைக் கடலில் வெகுதூரம் பரவியது. அதன் பூர்வீகத்தை மரபணு ஆய்வில் தேடியபோது, அது நம் குயின்ஸ்லாந்தின் மோர்டன் விரிகுடாப் பக்கம் சுட்டியது.

அதே பாசி 2000-இல் சிட்னியின் தெற்கே போர்ட் ஹேக்கிங்கில் தென்பட்டது. அதே ஆண்டு லேக் கான்ஜோலாவிலும். யாரோ தொட்டியைக் காலி செய்திருக்கலாம் என்பது வலுவான சந்தேகம். ஒரு சென்டிமீட்டர் துண்டு போதும், அது புதுச் செடியாகிவிடும். படகிலிருந்து மூட்டை மூட்டையாக உப்பைக் கொட்டி அழிக்கப் பார்த்தார்கள். சில திட்டுகள் ஒழிந்தன, எல்லாம் ஒழியவில்லை. கலிபோர்னியாவில் 2000-இல் கண்ட உடனே தார்ப்பாய் போட்டு மூடி, குளோரின் விட்டு, 2006-இல் ஒழித்தார்கள். செலவு 70 லட்சம் டாலருக்கு மேல்!

நம் ஊர்ப் பக்கமும் இது நடந்தது. மண்டபம் பகுதியில் வருமானத்துக்காகக் கொண்டுவந்து வளர்த்த கப்பாபைகஸ் என்ற வெளிநாட்டுக் கடற்பாசி, மன்னார் வளைகுடாவின் குருசடைத் தீவில் உயிருள்ள பவளங்களைப் போர்த்தி மூடியதை 2008-இல் ஆய்வாளர்கள் பதிவு செய்தார்கள். அங்கே அதைக் கையால்தான் பிய்த்து எடுக்க வேண்டியிருந்தது. நாங்கள் தம்பியின் தொட்டியில் செய்த அதே வேலை, ஆனால் கடலுக்குள்.

ஆகவே, பிடுங்கிய பாசியைப் பையில் கட்டி, ஃப்ரீசரில் உறையவைத்து, குப்பைத் தொட்டியில் போடுங்கள். பழைய தண்ணீரைத் தெருவோர வடிகாலில் விடாதீர்கள், அது நேராக ஓடைக்கும் கடலுக்கும் போகும். வீட்டுக்குள் இருக்கும் சிங்க்கில் ஊற்றுங்கள். மீன் வேண்டாமென்றால் வளர்க்கத் தெரிந்தவருக்குக் கொடுங்கள்.

தம்பியின் தொட்டி இன்னும் முழுசாகச் சுத்தமாகவில்லை. ஆனால் போன ஞாயிறு புதுப் படம் காட்டினான். பாறையின் ஓரத்தில் ஒரு ரூபாய் நாணயம் அளவு இளஞ்சிவப்பு. "கோரலைன்தானே அக்கா?" என்றான். ஆமாம், கோரலைன்தான்.