நெஞ்சு வலித்தால் விமானம் வருமா?

நாலு பக்கமும் கடல். நடுவில் ஒரு தீவு. அங்கே ஒருவருக்கு நெஞ்சு வலி வந்தால் என்ன செய்வது?

இந்தியாவின் தென்கோடியில் பெரிய நிகோபார் தீவு இருக்கிறது. அந்தத் தீவில் உள்ள ஊர் காம்ப்பெல் பே. அங்கிருந்து தலைநகரம் 500 கிலோமீட்டருக்கு மேல். அந்த நகரத்தைப் போர்ட் பிளேர் என்பார்கள். 2024ஆம் ஆண்டில் அதற்கு ஸ்ரீ விஜயபுரம் என்று பெயர் வைத்தார்கள். கப்பலில் போக ஒரு நாளுக்கு மேல் ஆகும். ஹெலிகாப்டரில் சில மணி நேரம் போதும்.

தலைநகரத்தில் பெரிய ஆஸ்பத்திரி உண்டு. அங்கும் முடியாத சிகிச்சை என்றால், சென்னை போன்ற நகரத்துக்கு அனுப்புவார்கள். சென்னைக்குக் கப்பலில் சுமார் 3 நாள். விமானத்தில் 2 மணி நேரத்துக்குச் சற்று மேல்.

ஏன் இத்தனை அவசரம்? நமது இதயம் தசையால் ஆனது. அந்தத் தசைக்கும் இரத்தம் வேண்டும். இரத்தம் வரும் குழாய் அடைத்துக்கொண்டால் தசை செத்துப்போகும். வாய்க்கால் அடைத்தால் பயிர் காய்கிறது அல்லவா? அதுபோலத்தான். செத்த தசை மீண்டும் உயிர் பெறாது.

ஒரு மீனவருக்கு மாலையில் நெஞ்சு வலிக்கிறது என்று வைத்துக்கொள்வோம். வியர்த்துக் கொட்டுகிறது. இடது கை வலிக்கிறது.

"எழுந்திருங்க, ஆஸ்பத்திரிக்குப் போவோம்" என்கிறார் மனைவி.

"வாயுப் பிடிப்புதான். இஞ்சிக் கசாயம் போடு. காலையில் பார்த்துக்கலாம்" என்கிறார் அவர்.

காலையில் வலி அதிகமாகிறது. ஆஸ்பத்திரிக்குத் தூக்கிப் போகிறார்கள். டாக்டர் ஹெலிகாப்டர் கேட்கிறார். வெளியே பெருமழை. ஹெலிகாப்டர் கிளம்ப முடியவில்லை.

மாலையிலேயே போயிருந்தால்? டாக்டர் உடனே இ.சி.ஜி. எடுத்திருப்பார். அடைப்பைக் கரைக்கும் ஊசி உண்டு. அது அவருக்கு ஏற்றதா என்று பார்த்துப் போட்டிருப்பார். முதல் சில மணி நேரத்தில் போட்டால்தான் இந்த ஊசி நன்றாக வேலை செய்யும். விமானம் வரும் வரை உயிரைக் காப்பது பக்கத்து ஆஸ்பத்திரிதான்.

நோயாளி பறக்கலாமா என்பதை டாக்டர்தான் முடிவு செய்வார். விமானம் உயரே பறக்கும்போது உள்ளே காற்று அழுத்தம் குறையும். ஊட்டி மலையில் இருப்பதுபோல் இருக்கும். நமக்கு அது தெரியாது. இதய நோயாளிக்கு மூச்சுத் திணறலாம். அதனால் ஆக்சிஜன் சிலிண்டர் கொண்டுபோவார்கள். இதயத் துடிப்பைக் காட்டும் கருவியும் இருக்கும். டாக்டரோ நர்ஸோ கூடவே போவார்.

இந்த அறிகுறிகளை மறக்காதீர்கள்: நெஞ்சில் பாரம், கை, தாடை அல்லது முதுகில் வலி, வியர்வை, மூச்சுத் திணறல். பெண்களுக்கும் சர்க்கரை நோய் உள்ளவர்களுக்கும் நெஞ்சு வலி இல்லாமலும் வரலாம். களைப்பும் குமட்டலும் மட்டும் இருக்கலாம்.

நோயாளியை நடக்க விடாதீர்கள். 112 என்ற எண்ணுக்குப் போன் செய்யுங்கள். பழைய மருந்துச் சீட்டுகளை எடுத்துக்கொள்ளுங்கள்.

உங்கள் ஊருக்குப் பக்கத்தில் இ.சி.ஜி. எடுக்கும் ஆஸ்பத்திரி எது? இரவில் போக யாரிடம் வண்டி இருக்கிறது? இன்றே விசாரியுங்கள். உங்கள் கையாலேயே எழுதிச் சுவரில் ஒட்டுங்கள்.